பெரியப்பா என்ற சொல்

ஸ்காபரோ

அன்புள்ள நாதன்,

நான்கு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதிருந்ததற்கு மன்னித்துக்கொள். தங்கச்சியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாக அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கும் எல்லோரும் நலம். ரவியின் மூத்தவனைப் பற்றி எழுதவே இப்போது உட்கார்ந்திருக்கிறேன், ஏனெனில் ரவி உன்னிடம் முழுவதையும் சொல்லியிருக்கமாட்டான்.

பிள்ளை சென்ற மாதம் பஃபலோவிலிருந்து நயாகரா ஆற்றுப் பாலத்தைக் கடந்து வந்து கனடாவின் எல்லையில் அகதிக் கேஸ் கொடுத்தான். ஊரைவிட்டு ஏன் புறப்பட்டான் என்பதை நீ அறிவாய். கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' ஒப்பந்தப்படி அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வந்து அகதி அந்தஸ்துக் கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆனால் நெருங்கிய உறவினர் இங்கே இருந்தால் விசாரணைக்கு எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, "பெரியப்பா இருக்கிறார் என்று சொல், போதும்" என்று தொலைபேசியில் சொன்னவன் நான்தான். "உன் தகப்பனும் அந்தப் பெரியப்பாவும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளா?" என்று அங்கே அவனிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அண்ணன் தம்பியின் பிள்ளைகள் என்று அவன் உண்மையைச் சொன்னான். அன்று பின்னேரமே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனோடு ஒன்றாக வந்த பையனுக்கு பிராம்டனில் தாயின் கூடப்பிறந்த தங்கை இருந்ததால் அவன் உள்ளே வந்துவிட்டான். நம்முடைய பிள்ளை இப்போது அமெரிக்கத் தடுப்பு முகாமில் இருக்கிறான்.

அதன் பிறகுதான் ஒப்பந்தத்தின் அந்த உறவினர் விதியை வரிவரியாக வாசித்தேன். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரர், பேரன், பேத்தி, தாத்தா, பாட்டி, பெற்றோரின் சகோதரர், சகோதரரின் பிள்ளை எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அங்கே இடமில்லை. ஒரே முற்றத்தில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த ரவியும் நானும் அந்தச் சட்டத்துக்கு உறவினரே அல்லர். இதை முன்கூட்டியே வாசிக்காமல் ஒரு பிள்ளையை வரச் சொன்ன என் தவறு இரவில் என்னைத் தூங்கவிடுவதில்லை.

போன கடிதத்தில் நீ, முதலில் கால் வைத்த பாதுகாப்பான நாட்டிலேயே அகதி அந்தஸ்துக் கேட்பதுதான் முறை என்று, குடியியல் வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பேசிய அதே பிடிவாதத்துடன் எழுதியிருந்தாய். உன் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. 2022இல் மட்டும் கியூபெக்கில், பெரும்பாலும் எல்லைச் சாவடி இல்லாத ரொக்ஸம் வீதியால், 39,000க்கும் மேற்பட்டோர் நடந்து வந்தார்கள், அவர்களைத் தங்கவைக்க அந்த மாகாணம் திணறியது. ஆனால் இரு நாட்டு விசாரணையும் ஒன்றுக்கொன்று சமம் என்று எடுத்துக்கொண்டால்தானே உன் வாதம் நிற்கும்? அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் பேசும் உரிமை உண்டு என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவிலோ நுழைந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கத் தவறினால் பெரும்பாலும் வழி அடைபட்டுவிடும், குடிவரவு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருவதும் இல்லை.

2002இல் கையெழுத்தாகி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம், எல்லைச் சாவடியில் கேட்பவரை மட்டுமே கட்டுப்படுத்தியது. அதனால் மக்கள் சாவடியை விலக்கி வயலாலும் காட்டாலும் நடந்தார்கள். 2016 டிசம்பர் இறுதியில் மனிடோபா மாகாணத்து எல்லை ஊரான எமர்சன் அருகே பனியில் நடந்து வந்த கானா நாட்டவர் இருவர் கைவிரல்களை இழந்தார்கள். 2023 மார்ச் 25 முதல் ஒப்பந்தம் எல்லை முழுவதற்கும் நீட்டப்பட்டது. இப்போது சாவடியைத் தவிர்த்து உள்ளே வந்தவர் பதினான்கு நாளுக்குள் கேட்டால் திருப்பி அனுப்பப்படலாம். பதினான்கு நாள் ஒளிந்திருக்கும்படி மனிதரை ஒரு சட்டம் தூண்டுமானால், அதனால் ஆதாயம் அடைபவர்கள் ஆட்களைக் கடத்துகிறவர்களே. அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம், தேவைப்படுமிடத்தில் விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று கூறி ஒப்பந்தத்தை ஒருமனதாக ஏற்றது. சமத்துவ உரிமை பற்றிய கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அந்த விலக்கு எங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட என்னை நோகச் செய்தது வேறொன்று, நாதன். சென்ற ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டில் நான் இதைச் சொன்னபோது, "இனி வாசலைச் சாத்தத்தான் வேண்டும்" என்று நமது ஊரவர்களே சொன்னார்கள். 1991இல் நானும் அதே பஃபலோவிலிருந்து அதே ஆற்றைக் கடந்துதான் வந்தேன், அங்கே பேசியவர்களில் பாதிப்பேரும் அப்படி வந்தவர்களே. உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அன்று எவரும் என்னிடம் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பினால் உனக்கு என்ன நேரும் என்று மட்டுமே கேட்டார்கள். அந்தக் கேள்வியை ரவியின் மகனிடம் ஒரு தடவையாவது இங்கே கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இனி ஓர் உதவி. அமெரிக்காவில் அவனுக்கு ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறோம். கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு ஆகிய மூன்றையும் அவர் கேட்கிறார். ரவி இப்போது இருக்கும் நிலையில் அவனால் அலைய முடியாது. நீ கூடப் போய் எடுத்து, படம் பிடித்து இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிடு. மூலப்பிரதிகளைச் சந்திரா அக்காவிடம் கொடுத்து வை, அவர் மகள் அடுத்த மாதம் வருகிறாள்.

அன்புடன்,
குணம்