பாட்டியைச் சுற்றி வந்த நிலா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சின்னவனை எந்த இணையப் படிப்பில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில், "இந்த வயசுல நமக்கும் ஏதாவது மண்டையில் ஏறுமா?" என்றும் கேட்டிருந்தாய். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது.

இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் உலகத்துக்கே திறந்துவிடுவதாக 2001-இல் அறிவித்தது. இன்றைக்கும் பெயர்கூடப் பதியாமல் அங்கே விரிவுரைகளைப் பார்க்கலாம், குறிப்புகளையும் கணக்குத் தாள்களையும் எடுத்துக்கொள்ளலாம். பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. நடுவில் விட்டுவிடாமல் படிப்பதுதான் கஷ்டம்.

போன வருஷம் நான் ஒரே நேரத்தில் நான்கு படிப்புகளில் சேர்ந்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். மூன்றாவது வாரம் தாண்டவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இப்படிப்பட்ட படிப்புகளில் சேருகிறவர்களில் மிகச் சிலரே கடைசிவரை போகிறார்கள், பல படிப்புகளில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. நான் மட்டும் இல்லை என்று ஆறுதலாக இருந்தாலும், மனசுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

அது மாறியது என் மகளால். ஒருநாள் கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தில் பின்னக் கணக்குப் பாடத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அவள் பாட்டி, அதாவது என் அத்தை, "மேல இருக்கிற தொகுதியச் சொல்றாரா, கீழ இருக்கிற பகுதியச் சொல்றாரா?" என்று கேட்டார். இவளுக்கு நியூமரேட்டர், டினாமினேட்டர்தான் தெரியும். தொகுதி, பகுதி என்ற சொற்களையே அன்றைக்குத்தான் கேட்டாள். வீடியோவை நிறுத்திவிட்டு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அரைமணி நேரம் போனது தெரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன் படித்த கணக்கு அத்தைக்குள் அப்படியே இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றோடு ஹெட்போன் அலமாரிக்குள் போய்விட்டது. இப்போது வீட்டுக்கு ஒரே படிப்பு. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிஷம், எல்லோரும் கேட்கும்படி. இடையிடையே நிறுத்துவோம். நிறுத்தியதும் ஒருவர் அதுவரை கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருப்பதை முதலில் குறையாக நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தமிழில் சொல்லத் திணறும் இடம் எதுவோ, அதுதான் நமக்குப் புரியாத இடம்.

கான் அகாடமியும் இப்படி ஒரு குடும்பத்துக்குள் தொடங்கியதுதான். 2004-இல் சல்மான் கான் தொலைவில் இருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவளுக்குத் தடுக்கியது அலகு மாற்றம். 2006-இல் வீடியோவாகப் போட்டபோது, நேரில் சொல்வதைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்று அவரிடம் படித்த உறவுக்காரப் பிள்ளைகள் சொன்னார்களாம். புரியவில்லை என்று வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்கலாம் அல்லவா? நம் பள்ளி நாட்களில் நமக்கு அது கிடைத்திருந்தால், நீ கணக்கை வெறுத்திருக்கவே மாட்டாய்.

போன மாதம் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். வானியல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது, ஆனாலும் அது தன்னைத்தானே சுற்றுகிறது என்றார் ஆசிரியர். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "சுத்தினா முதுகு தெரியணுமே!" மகள் எழுந்து, பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் முகத்தையே பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து ஒரு சுற்று வந்தாள். அத்தை கூடவே தலையைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். பாதிச் சுற்றில், "நில்லு! முதல்ல ஜன்னலுக்கு முதுகைக் காட்டிட்டிருந்தே, இப்ப ஜன்னலைப் பாத்து நிக்கிறே. அப்போ நீயும் திரும்பிக்கிட்டேதான் வர்றே!" என்றார். பூமியைச் சுற்றி வர எடுக்கும் அதே 27 நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில்தான் நிலா தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. இருபது நிமிஷ வீடியோவில் எனக்கே பிடிபடாததை அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி பிடித்துவிட்டார்.

வாயால் திரும்பச் சொல்வது ஏன் மனசில் நிற்கிறது என்று தேடிப் பார்த்தேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிஷத்திலேயே கேட்டால் மட்டும், திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். பரீட்சைக்கு முன் நாம் உருப்போட்டதெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

உனக்கென்று ஒரு படிப்பு சொல்கிறேன். 'லேர்னிங் ஹவ் டு லேர்ன்', எப்படிக் கற்பது என்பதையே கற்றுத்தருவது, கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் 2014-இல் வந்தது. நடத்தும் பார்பரா ஓக்லி பள்ளியில் கணக்கில் தோற்றவர். ராணுவத்தில் சேர்ந்து ரஷ்ய மொழி கற்று, 26 வயதுக்குப் பிறகு கணக்குக்குத் திரும்பி, பொறியியல் பேராசிரியர் ஆனார். நரம்பியல் அறிஞர் டெரன்ஸ் செஜ்னவ்ஸ்கி கூடச் சேர்ந்து நடத்துகிறார். எந்தத் தளமானாலும் ஒன்று கவனி. பாடத்தைப் பார்ப்பது ஒன்று, சான்றிதழ் வாங்குவது வேறு. சான்றிதழுக்குப் பெரும்பாலும் பணம் கேட்பார்கள். வேலைக்குத் தேவை என்றால் யோசி, இல்லையென்றால் விட்டுவிடு. "முதல் வாரம் இலவசம்" என்று கார்டு எண் கேட்டால், ரத்து செய்ய வேண்டிய தேதியைக் குறித்துவைக்காமல் கொடுக்காதே.

சின்னவனை எதிலும் சேர்க்காதே, இப்போதைக்கு. நீ சேர். அவன் பக்கத்தில் உட்காரும் நேரமாகப் பார்த்து வீடியோவைப் போடு. புரியாத இடத்தில் நிறுத்தி அவனையே கேள். அம்மாவுக்குச் சொல்லித்தருவதைவிட அவனுக்குப் பெரிய ஊக்கம் இருக்காது.

நானும் அந்தப் படிப்பை உன்னோடு மறுபடி தொடங்குகிறேன். வருகிற ஞாயிறு மாலை கூப்பிடுகிறேன். முதல் பாடத்தில் என்ன இருந்தது என்று குறிப்பைப் பார்க்காமல் நீ எனக்குச் சொல்ல வேண்டும். அத்தையும் பக்கத்தில் இருப்பார். கேள்வி கேட்பார், தயாராக இரு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி