ஜார்ஜியாவுக்கு வெளியுறவு அமைச்சர் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2026 அமெரிக்க இடைக்காலத் தேர்தல் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரவுப் பணியின் நடுவில் தேநீர் நேரத்தில் படித்தேன். ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநர் தேர்தலோடு "மாநில வெளியுறவு அமைச்சர் போன்ற சில சிறு பதவிகளுக்கும்" தேர்தல் நடக்கும் என்று ஒரு வரி இருந்தது. தேநீர் ஆறும் வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாநிலத்துக்கு வெளியுறவு அமைச்சர் எதற்கு என்று அச்சுக்குப் போகும் வரை உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை ஐயா. வாஷிங்டனில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்றால் வெளியுறவு அமைச்சர். மாநிலத்தில் அதே பெயருள்ள பதவியின் வேலையே வேறு. ஜார்ஜியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்வதும், என்னைப் போன்ற செவிலியர்களில் தொடங்கி முடிதிருத்துபவர்கள் வரைக்கும் தொழில் உரிமம் கொடுக்கும் வாரியங்களும் அந்த அலுவலகத்தின் கீழ் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மாநிலம் முழுவதற்கும் தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்தான். நம் மாவட்டம் மாதிரியான 159 கவுன்ட்டிகளின் முடிவுகளையும் வாங்கிச் சரிபார்த்து, இதுதான் முடிவு என்று சான்று தருபவர். நம் ஊரில் இந்த வேலையை ஒரு ஐஏஎஸ் அதிகாரி பார்ப்பார். இங்கே அந்த அதிகாரியையே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சி வேட்பாளராக. இது நல்ல ஏற்பாடா என்று என் தம்பி பாளையங்கோட்டையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பான். எனக்கும் அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏற்பாடு இப்படித்தான் இருக்கிறது எனும்போது அந்தப் பதவியைச் சிறு பதவி என்று தள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

2000 ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்தபோது உங்கள் இதழில் வாரக்கணக்கில் எழுதினீர்கள். நான் அப்போது ஊரில் இருந்தேன், அப்பா சைக்கிளில் போய் இதழை வாங்கி வருவார், முதலில் அவர் படித்துவிட்டுத்தான் எங்களுக்குக் கிடைக்கும். அந்த முடிவுக்குச் சான்று கொடுத்த கேதரின் ஹாரிஸ் யார்? இதே பதவிக்கு 1998-ல் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்தான், அதோடு புஷ்ஷின் புளோரிடா பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவர். அன்று அவரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய இதழுக்கு இன்று அந்தப் பதவி என்னவென்றே மறந்துவிட்டதா?

2018-ல் இங்கே ஜார்ஜியாவில் நடந்ததைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அது இன்னமும் எனக்கு ஆறவில்லை. அந்த வருடம் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் இந்தப் பதவியில் இருந்துகொண்டே ஆளுநர் தேர்தலில் நின்றார். எதிரில் ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ். தான் நிற்கும் தேர்தலுக்குத் தானே தலைமை அதிகாரி. வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் பதவியை விட்டு விலகினார். அதற்கு ஒரு மாதம் முன்னால் 53,000 பேரின் வாக்காளர் பதிவு நிலுவையில் கிடக்கிறது என்ற செய்தி வந்தது, அதில் பத்தில் ஏழு பேர் கறுப்பின மக்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அரசுப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்ற விதிதான் பெரும்பாலும் காரணம். பெயர் நடுவில் ஒரு கோடு விட்டுப்போனால்கூடப் போதும். இன்ஷியல் போட்டு எழுதும் நமக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று நான் சொல்லவும் வேண்டுமா? என் கணவருக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். ஒரு ஆவணத்தில் ஒரே சொல்லாக இருக்கும், இன்னொன்றில் இரண்டாக உடைந்திருக்கும். குடியுரிமைச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி அவர் சரிசெய்துகொண்டார், அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் பெயர்முறை அப்படி. ஆனால் அப்படிப் போய்க் காட்ட வேண்டும் என்பதே தெரியாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அடுத்த ஆண்டு அந்த விதியைப் பெருமளவு தளர்த்தினார்கள். இதெல்லாம் தமிழ் வாசகருக்குத் தேவையில்லாத செய்தியா ஐயா? இங்கே இருக்கும் தமிழர்களும் உங்கள் வாசகர்கள்தானே?

அதே 2018-ல் இந்தப் பதவிக்கும் தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், ஜனநாயகக் கட்சியின் ஜான் பாரோ, இருவருமே நவம்பரில் 49 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள். பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் வெற்றி என்பது இங்கே சட்டம், அதனால் டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாம் சுற்று வைத்தார்கள். அன்று நான் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். ஒரு தேவாலயத்தின் பின்பக்கக் கூடம், காலை 7 மணிக்குத் திறந்தோம், வெளியே நல்ல குளிர். நவம்பரில் வாசலைத் தாண்டி வரிசை நின்ற அதே இடத்தில், ஜெயித்தவர்களுக்குத் தரும் பரிசு மாதிரி வாக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் கொடுப்போமே பீச் பழப் படம் போட்ட ஒட்டுவில்லை, அந்தச் சுருள் மதியம் வரை பாதிகூடக் குறையவில்லை. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். வாக்குப் போட்டுவிட்டு என் மேசை அருகே நின்று காலி நாற்காலிகளைப் பார்த்தார். "மற்றவர்கள் எல்லாம் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நவம்பரில் 38 லட்சத்துக்கும் மேல் வாக்குப் பதிவான மாநிலத்தில் டிசம்பரில் 15 லட்சம்கூட வரவில்லை. சிறு பதவிதானே என்று மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நீங்கள் எழுதிய அதே வார்த்தை.

அன்று ஜெயித்த ராஃபென்ஸ்பெர்கர்தான் 2020-ல் அந்த நாற்காலியில் இருந்தார். ஜனாதிபதித் தேர்தலில் ஜார்ஜியாவில் பைடன் 11,779 வாக்குகளில் முன்னிலை. 2021 ஜனவரி 2-ஆம் தேதி டிரம்ப் அவரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்கு கண்டுபிடித்துக் கொடு என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். சொந்தக் கட்சியின் ஜனாதிபதி. மனிதர் மறுத்துவிட்டார். அந்த இடத்தில் வேறு ஒருவர் இருந்திருந்தால்? இரவில் படுக்கும்போது நான் இன்னமும் இதை நினைப்பதுண்டு.

அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரத்துக்கு ஆளை அனுப்பி நான்கு பக்கம் போட்டீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணியதற்கு அரைப் பத்தி, அதற்குத் தலைப்பு 'வாக்கு எண்ணிக்கையில் குளறுபடி'. அந்த எண்ணிக்கையில் நானும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன் ஐயா. ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும், கூட இருப்பவர் அதை வாங்கிப் பார்த்துத் திரும்பச் சொல்லி, அந்தப் பெயருக்கான அடுக்கில் வைக்க வேண்டும். முகக்கவசத்துக்குள் கத்திக் கத்தி இரண்டாம் நாள் எனக்குத் தொண்டையே போய்விட்டது. எங்கள் மேசைக்குப் பின்னால் இரு கட்சிப் பார்வையாளர்களும் நின்றார்கள். முடிவு மாறவில்லை. அதற்குப் பெயர் குளறுபடியா? அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. அடுத்த ஜனவரியில் இங்கே நடந்த செனட் தேர்தல் செய்திக்கு ஜார்ஜியா என்ற வேறொரு நாட்டின் தலைநகர் திபிலிசியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அதற்கும் எழுதினேன். அதுவும் வரவில்லை. பரவாயில்லை.

அப்புறம், இந்தக் கதை அதோடு முடியவில்லை. மறுத்த அந்த அதிகாரியை 2021-ல் புதுச் சட்டம் போட்டு மாநிலத் தேர்தல் வாரியத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். 2022-ல் டிரம்ப் ஆதரவோடு ஜோடி ஹைஸ் என்ற எம்.பி. அவரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றார், ராஃபென்ஸ்பெர்கர் 52 சதவீதம் வாங்கி முதல் சுற்றிலேயே ஜெயித்தார். நவம்பரில் வியட்நாமிய அகதிகளின் மகளான பீ நுயெனையும் தோற்கடித்தார். நான் யாருக்கு வாக்களித்தேன் என்பது இங்கே வேண்டாம். அதே ஆண்டு அரிசோனா, நெவாடா, மிச்சிகன் மூன்று மாநிலங்களிலும் 2020 முடிவையே ஏற்காதவர்கள் இந்தப் பதவிக்கு நின்று தோற்றார்கள். ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் இந்தப் பதவியில் இருந்துகொண்டேதான் ஆளுநர் தேர்தலில் நின்று ஜெயித்தார். ராஃபென்ஸ்பெர்கரும் ஆளுநர் தேர்தலில் நிற்பதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார். 2018-ல் கெம்ப் செய்தபோது எனக்குத் தவறாகத் தெரிந்தது, இவர் செய்யும்போதும் அப்படித்தான் தெரிகிறது. 2026-ல் அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வர வேண்டும், நீங்கள் சிறு பதவி என்று எழுதியது அந்த இடத்தைத்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'மாநிலச் செயலாளர்' என்று மாற்றிவிடாதீர்கள், நம் ஊரில் அதைப் படிப்பவர்கள் ஏதோ கட்சிப் பொறுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி, மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்' என்று எழுதினால் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அட்லாண்டா அருகிலிருந்து ஒரு பழைய வாசகி