பாம்பு அடுத்த வாரம் வரட்டும், முதலில் பெட்டி

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான். நம் பாம்பு செம்பன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அவன் பெட்டி இருந்த இடத்தில் அப்பா புத்தக அலமாரியை வைத்துவிட்டார், ஆனாலும் காலையில் எழுந்தவுடன் என் கை அந்தப் பக்கத்து ஸ்விட்சைத்தான் தேடுகிறது. இப்போது உன் வீட்டுக்கு ஒரு கார்ன் ஸ்நேக் வரப்போகிறது என்கிறாய். ஒரு வயதுக் குட்டி, சனிக்கிழமை போய் எடுத்து வருகிறோம், பெட்டியையும் அன்றைக்கே வாங்கிவிடுவோம் என்று ஒரே மூச்சில் சொன்னாயே, அங்கேதான் எனக்குப் பக்கென்றது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன். இந்தச் சனிக்கிழமை பாம்பை எடுக்காதே. பெட்டியை மட்டும் வாங்கு. ஒரு வாரம் அது காலியாக ஓடட்டும். பாம்பை அடுத்த வாரம் போய் எடுத்துக்கொள்.

2009-ல் உன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு நாம் செம்பனை எப்படிக் கொண்டுவந்தோம் என்று உனக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் எல்லாம். கண்ணாடித் தொட்டி, அடியில் ஒட்டுகிற ஹீட் மேட், ஒரு கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் குகை, அவ்வளவுதான். சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் வேண்டுமா என்று அப்பா கேட்டதற்கு, இந்த மேட்டுக்கு அது தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம். இரண்டாவது வாரம் அவன் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிச் சுருங்கியிருந்ததை நீதான் முதலில் பார்த்தாய். தீக்காயம். அடியில் அவ்வளவு சூடு இருந்தும் குட்டி நகராமல் அதன் மேலேயே சுருண்டு படுத்திருந்தான். ஊர்வனவற்றைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், களிம்பு போட்டு, நான்கு முறை சட்டை உரித்த பிறகுதான் அந்த இடம் தேறியது. நீ அப்போது அழுததை நான் மறக்கவில்லை. அதே தவறு உன் வீட்டில் நடக்கக் கூடாது.

பாம்புக்குப் பெட்டி எதற்கு என்று யோசித்துப் பார். சின்ன வயதில் நம் கோபிச்செட்டிபாளையம் தோட்டத்தில் ஒரு சாரை இருந்தது. காலையில் கிணற்று மேட்டுக் கல்லில் வந்து நீளமாகப் படுத்துக் காயும், வெயில் ஏறினால் வரப்போரத்து எலிப்பொந்துக்குள் போய்விடும், சாயங்காலம் வாய்க்கால் பக்கம் திரியும். உடம்புக்குள் சூடு உண்டாக்கத் தெரியாத உயிர் அது, வேண்டிய சூட்டை இடம் மாறி மாறித் தேடிக்கொள்ளும். நீ கொண்டுவரப்போகிற குட்டியும் ஒருவகையில் அந்தச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம்தான், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டோரத்திலும் தானியக் கொட்டகையிலும் எலி பிடித்துத் திரிகிற ஜாதி. ஆனால் உன் வீட்டில் அதற்குக் கல்லும் கிடையாது, வரப்பும் கிடையாது. நீ பெட்டிக்குள் வைப்பதுதான் அதற்கு வெயில், நிழல், பொந்து, வாய்க்கால் எல்லாமே. பிடிக்கவில்லை என்று எழுந்து வேறு இடம் போக வழியில்லை. அதனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே அது தேர்ந்துகொள்ளும்படி எல்லாம் இருக்க வேண்டும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். வளர்ந்தால் மூன்றரை அடியிலிருந்து ஐந்து அடி வரை போகும், பதினைந்து இருபது வருஷம் உன்னோடு இருக்கும். உடம்பை முடிந்தவரை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்று ஒரேயடியாக வாங்கிவிடு. குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாது என்று கடையில் சொல்வார்கள். வெறும் பெரிய பெட்டியில் விட்டால் உண்மைதான், பயப்படும். ஆனால் பயம் இடத்தால் வருவதில்லை, மறைவு இல்லாததால் வருகிறது. மரப்பட்டை, சாய்த்து வைத்த கிளை, பிளாஸ்டிக் கொடி, இலைச் சருகு என்று நிரப்பி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வெட்டவெளியில் வராமலே போகிற மாதிரி செய்துவிட்டால் குட்டி நிம்மதியாக இருக்கும். முன்பக்கம் திறக்கிற பெட்டியாகப் பார். மேலே மூடி திறந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து வந்த மாதிரி. செம்பன் பழைய தொட்டியில் இருந்த வரைக்கும் என் கையைக் கண்டால் வாலை நடுக்குவான், முன்கதவுப் பெட்டிக்கு மாற்றிய பிறகு அது மெல்ல மெல்ல நின்றது.

இப்போது சூடு. இதை மட்டும் இரண்டு தடவை படி. பெட்டியின் ஒரு முனையில்தான் சூடு இருக்க வேண்டும், மறுமுனையில் கூடாது. பல்பாக இருந்தாலும், வெளிச்சம் தராத டீப் ஹீட் ப்ரொஜெக்டராக இருந்தாலும் சரி, மேலிருந்து வருகிற சூடுதான் நல்லது, வெயில் மாதிரி. பல்புக்கு நேர் கீழே வைக்கிற கல்லின் மேற்பரப்பு 30-லிருந்து 32 டிகிரி, அந்தப் பக்கத்துக் காற்று 28 சுமார், குளிர்ந்த முனை 22-லிருந்து 24. ராத்திரி எல்லாம் அணைந்தபின் 20 வரை இறங்கினால் கவலையில்லை. சூடு போதவில்லை என்றால் தின்றது செரிக்காது, இரண்டு நாள் கழித்துக் கக்கிவிடும். அதிகமானால் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே.

எந்தச் சூட்டுக் கருவியும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் ஓட வேண்டும், பல்புக்குச் சூட்டை மெல்லக் கூட்டிக் குறைக்கிற டிம்மிங் வகை, ஹீட் மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் வால் சூடான முனையில் அசையாமல் இருக்க வேண்டும். அது நழுவிக் குளிர்ந்த பக்கம் போய்விட்டால், இன்னும் சூடு பத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட் ஏற்றிக்கொண்டே போகும். பெட்டிக்குள் இருக்கிற பல்புக்குக் கம்பிக் கூடை கட்டாயம், இல்லாவிட்டால் அதிலேயே போய்ச் சுற்றிக்கொள்ளும். கரண்டில் சூடாகும் கல் என்று ஒன்று விற்பார்கள், அதைத் தொடாதே. ஒட்டுகிற டயல் தெர்மாமீட்டரை நம்பாதே, டிஜிட்டலில் இரண்டு வாங்கு, முனைக்கு ஒன்று. கல்லின் மேற்பரப்பை அளக்கிற துப்பாக்கி மாதிரிக் கருவி என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

அந்தச் சென்சாரைச் செல்லோ டேப் போட்டு மட்டும் ஒட்டிவிடாதே கண்ணு. நீ யூனிவர்சிட்டிக்குப் போன முதல் குளிர்காலம், நான் அப்படித்தான் ஒட்டினேன். ராத்திரி வேலை முடிந்து வந்து பார்த்தால் டேப்பின் ஒரு முனை பிரிந்து செம்பனின் கழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது, அவன் திமிறத் திமிற இன்னும் சுற்றியது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை, பரீட்சை நேரம். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு, இழுக்காமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து எடுத்தேன். தோல் கிழியாமல் வந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவன் என்னைக் கடிக்கவில்லை. அன்றைக்கு வரைக்கும் அவன் உன் பாம்பு, அதற்கப்புறம் என்னுடையவனும் ஆகிவிட்டான். ஒயரைத் திருகாணி போட்ட கிளிப்பில் மாட்டு. பெட்டிக்குள் ஒட்டும் பொருள் எதுவும் வேண்டாம்.

பொந்து குறைந்தது இரண்டு வை, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால், மறைவா சூடா என்று அது தினமும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிவரும். பொந்து இறுக்கமாக இருக்கட்டும், சுருண்டு படுத்தால் உடம்பு மூன்று பக்கமும் சுவரில் பட வேண்டும். நமக்கு நெருக்கடியாகத் தெரிவது அதற்குப் பாதுகாப்பு. மூன்றாவதாக, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான ஸ்பாக்னம் பாசி வைத்துவிடு. இங்கே இங்கிலாந்துக் குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுவிடும், ஈரப்பதம் 40-க்குக் கீழே போனால் சட்டை துண்டு துண்டாக உரியும். கண் நீலமாக மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம், அப்போது தூக்காதே. உரித்த சட்டையை எடுத்துக் கண் மேல் இருக்கிற கண்ணாடி மாதிரி மூடி இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார். 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள், பெட்டி முழுக்க நனைய வேண்டியதில்லை, அந்த ஒரு டப்பா போதும். தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனத்தில், அது உள்ளே இறங்கிப் படுக்கிற அகலத்தில் இருக்கட்டும், தினமும் மாற்று.

அடியில் பரப்ப ஆஸ்பென் மரச் சீவல் நல்லது, உள்ளே வளை தோண்டி விளையாடும். நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்த்தூள் கட்டியும் நல்லதுதான். தேவதாரு, பைன் சீவல் மட்டும் ஆகாது, அந்த வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கெடுதி. ஆனால் முதல் ஒன்றிரண்டு மாதம் வெறும் கிச்சன் பேப்பர் போடு. பார்க்க அழகில்லை, தெரியும். புதிதாக வந்ததன் கழிவு எப்படி இருக்கிறது, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்பது வெள்ளைத் தாளில்தான் தெரியும். கிண்ணத் தண்ணீரில் மிளகுத்தூள் தூவின மாதிரிக் கரும்புள்ளி மிதந்தால் உடனே எனக்குப் போன் பண்ணு.

தப்பித்துப் போவதைப் பற்றி மருமகள் கேட்டாள் என்றாய். நியாயமான கேள்வி, அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதே. 2012-ல் செம்பன் ஒயர் போகிற ஓட்டை வழியாக வெளியே போய் ஒன்பது நாள் கழித்துப் பாய்லர் அலமாரிக்குள் குளியல் துண்டுகளுக்கு நடுவே கிடைத்தான். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். கண்ணாடிக் கதவு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நகர்கிற இடைவெளியில் ஒரு வயதுக் குட்டி போய்விடும், அதற்கு ரப்பர் பட்டி கிடைக்கும், பூட்டும் போடு. ஒயர் ஓட்டையை அடை, காற்றுப் போகும் கிரில்லில் விரலை வைத்து ஆட்டிப் பார். மரப்பெட்டி என்றால் உள் மூலைகளில் மீன்தொட்டிக்கு உகந்த சிலிக்கோன் பூசு, தண்ணீர் சிந்தினால் பலகை ஊதாது. அந்த வாசனை முழுக்கப் போகவே சில நாள் ஆகும், ஒரு வாரம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டுச் சாவியை மருமகளிடம் கொடு, அவள் கையில் இருக்கட்டும்.

எங்கே வைப்பது என்றால், ஜன்னலோரம் கூடாது, கண்ணாடிக்குள் நேர் வெயில் விழுந்தால் தெர்மோஸ்டாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ரேடியேட்டர் பக்கமும், சமையலறையும், வாஷிங் மெஷின் அதிர்கிற சுவரும் வேண்டாம். இடுப்பு உயரத்தில், கனம் தாங்குகிற மேசை மேல். பாம்புக்கு இமை கிடையாது, அதனால் ராத்திரி முழுக்க இருட்டு வேண்டும், சிவப்பு பல்பும் வேண்டாம். பகலில் குறைந்த அளவு யூவி தருகிற விளக்கு ஒன்று சூடான முனையில் போடு. இல்லாமலும் வாழும் என்பார்கள். செம்பனுக்கு 2018-ல்தான் போட்டேன், அதற்கப்புறம் விடிந்ததும் அந்த வெளிச்சத்தில் அவன் வந்து படுத்ததைப் பார்த்தவள் நான், அதனால் போடச் சொல்வேன்.

வந்த பிறகு ஒரு வாரம் அதைத் தூக்காதே, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டாதே. தண்ணீர் மாற்று, அவ்வளவுதான். அப்புறம் ஒரு எலி, அதன் உடம்பின் அகலத்துக்கு ஒத்தது, உறைந்ததை நன்றாக இளக்கிக் கொடு. சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடாதே. பெட்டிச் சாமானைச் சமையலறை சிங்க்கில் கழுவாதே, ஒவ்வொரு தடவையும் கையை சோப்புப் போட்டுக் கழுவு, சால்மோனெல்லா கிருமி விளையாட்டு இல்லை.

வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டாயா? இந்த நாட்டில் கார்ன் ஸ்நேக்குக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் 2006 விலங்கு நலச் சட்டப்படி அதற்குத் தகுந்த இடம் கொடுப்பது உன் பொறுப்பு. ஊரில் அத்தைக்குச் சொல்லும்போது விளக்கமாகச் சொல், அங்கே நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்தால் குற்றம், அவர் பயந்துவிடுவார்.

செம்பனின் பீங்கான் கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கிருமிநாசினியில் ஊறவைத்துக் காயவைத்திருக்கிறேன், இந்த வாரம் தபாலில் வரும். அவன் மரப்பட்டை உனக்கு வேண்டும் என்றாய். மரத்தைச் சரியாகச் சுத்தம் பண்ண முடியாது, அதனால் அதை அனுப்பவில்லை, அது இங்கேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை பெட்டியை வைத்து விளக்கைப் போட்டவுடன் எனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு எண் அனுப்பு, சூடான முனை, குளிர்ந்த முனை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஏழு நாளும் எண்கள் ஒரே மாதிரி நின்றால் எட்டாவது நாள் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய் எடுத்துக்கொண்டு வா. துணிப்பையில் போட்டு, டப்பாவுக்குள் வைத்து, காரில் ஹீட்டரைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா