எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் பலர் தேடுபொறியில் முதலில் வருவதையே படியெடுத்துக் கட்டுரையாகத் தருகிறார்கள். ஒரே சங்கப் பாடல் ஆளுக்கொரு பாடமாக, அதாவது சொற்கள் மாறி, வருகிறது. எந்தப் பதிப்பு என்று கேட்டால் பதில் இல்லை. வேதனையாக இருக்கிறது. இத்தனைக்கும் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சி தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுநூல்களின் பக்கங்களையே பார்க்கலாம். பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் முகப்பிலேயே இருக்கும். விக்கிப்பீடியாவையும் தடுக்க வேண்டியதில்லை, அடிக்குறிப்பைத் திறந்து மூலத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். முதலாண்டு நூலக வகுப்பிலேயே இதைச் செய்முறையாகக் கற்பியுங்கள். மூலம் குறிக்காத கட்டுரைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

– தமிழ்ப் பேராசிரியர், திருச்சி