பிடிக்காவிட்டால்தான் என்ன?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்ன தூரம் நடப்பதில்லை. தம்பி வழக்கம்போலத்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உனக்குப் போன் செய்தேன் இல்லையா? நீ எடுக்க மாட்டாய், பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிடுவாய் என்று நினைத்துத்தான் அடித்தேன். உடனே எடுத்துவிட்டாய். பின்னால் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லவே இல்லை. அவசரமே இல்லாமல் அரை மணி நேரம் பேசினாய். பேசும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, வைத்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. லீவாக இருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்கிற நாளாக இருக்கலாம். நான் அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் "போகுதும்மா" என்கிறாய். முன்பெல்லாம் யார் மேலாவது கோபப்படுவாய். அந்த மேனேஜரைத் திட்டுவாய், பாதி ராத்திரியில் வந்த மெயிலைத் திட்டுவாய், கடைசியில் "நீ ஏன்மா என்னை கணக்குப் பாடம் எடுக்க வச்சே" என்று என்னைத் திட்டுவாய். இப்போது அந்தத் திட்டும் இல்லை. அதுதான் உறுத்துகிறது. ஒழுங்காகத் தூங்குகிறாயா?

தம்பி உன் லிங்க்ட்இன் பக்கத்தைக் காட்டினான். போட்டோவில் நன்றாக இருக்கிறாய், முடியை வெட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் நீ "ஓயாத ஆர்வம் கொண்டவள்" என்று எழுதியிருக்கிறது. நீயே எழுதியதாமே. உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா, உனக்கு எதில் ஓயாத ஆர்வம் என்று! சரி, எல்லோரும் அப்படித்தான் எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் கூப்பிட மாட்டார்களாம், தம்பி சொன்னான். அப்பா அதைப் பெரிய எழுத்தாக்கிப் படித்துவிட்டு, உன் பதவிப் பெயரைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நானும் சொல்லியிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான்.

எங்கள் காலத்தில் வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, கிடைத்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். அதில் ஒரு வசதி இருந்தது, பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் லெட்ஜர் எழுதிய காலம் உனக்கு லேசாக நினைவிருக்கும். டெபிட், கிரெடிட் இரண்டு பக்கக் கூட்டலும் சமமாக வருகிறதா என்று பார்க்க மாசக் கடைசியில் டிரையல் பேலன்ஸ் போட்டால், ஒரு தடவையில் டாலி ஆகாது. வித்தியாசத் தொகையை எடுத்துப் பார்ப்பேன். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டால் வகுபட்டால், டெபிட்டில் போட வேண்டியதைக் கிரெடிட்டில் போட்டிருக்கலாம், அப்போது பாதித் தொகையைத் தேட வேண்டும். விரலை வைத்துப் பக்கம் பக்கமாக இறங்கி வந்து, அந்த வரியில் நிற்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பார், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்ற நாளெல்லாம் பிடிக்காது. யாரிடமும் சொன்னதில்லை. மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்காக வேலையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை, சம்பளத்துக்கு அவ்வளவு போதும் என்று இருந்தேன். வேலை என்னைச் சந்தோஷப்படுத்தவில்லையே என்று ராத்திரி படுத்து யோசித்ததில்லை. நீங்கள் யோசிக்கிறீர்கள். செய்வதும் செய்துவிட்டு, அதை நேசிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு. இது யார் தலையில் கட்டிய கூடுதல் வேலை?

அதனால் பிடிக்கவில்லை என்றால் எனக்குக் கவலை இல்லை. முடியவில்லை என்றால்தான் கவலை. இரண்டும் வேறு. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட் என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையின் அழுத்தத்தைச் சரியாகச் சமாளிக்க வழியில்லாமல் நாள்பட விட்டால் வருகிற நிலை என்றது. அடையாளம் மூன்று. உடம்பில் சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போய் ஒரு கசப்பு வருவது, முன்போலச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. முதல் இரண்டும் உன் குரலில் இருந்தது. மூன்றாவதை நீதான் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் இருந்தால் "எல்லாருக்கும் இப்படித்தாம்மா" என்று சொல்லித் தள்ளிப்போடாமல் ஒரு டாக்டரைப் பார்.

இன்னொன்று. அதே நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். போன வருஷம் நீ சொன்ன நேரத்தையெல்லாம் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். என்ன வந்தது என்று எழுத மாட்டேன், நீயே கூட்டிக்கொள். சித்தப்பா விஷயத்துக்கு அப்புறமும் நான் இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூங்கு, கண்ணு. போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்கு.

அப்பாவிடம் சொன்னால் 1919-க்குப் போய்விடுவார். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் ஒப்பந்தமே, அதற்காக எத்தனை பேர் தெருவில் நின்றார்கள் தெரியுமா என்று ஆரம்பிப்பார். அவரும் கொடி பிடித்தவர்தானே. அதே மனிதர், நீ ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தால் "பொறுப்பான பொண்ணு" என்கிறார். கேட்டால் அது வேறு, இது வேறு என்பார். கெய்ன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1930-இல், இன்னும் நூறு வருஷத்தில் பேரப்பிள்ளைகள் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று எழுதினாராம். அந்த நூறு வருஷம் முடியப்போகிறது. அவர் ஒரு வாரத்துக்குச் சொன்னதை நீ ஒரு நாளில் முடித்துவிடுகிறாய்.

இவ்வளவு எழுதியதும் ஒரு கோபம் வருகிறது. பத்து வயதில் மார்க் குறைந்ததை மறைத்தாய், சரி. இந்த வயதில் என்னிடம் என்ன மறைக்க இருக்கிறது? "அம்மா பெருமையா சொல்லிட்டாளே, இப்ப எப்படி மாத்திச் சொல்றது" என்று நினைத்தாயானால், அந்தப் பக்கத்து வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விட வேண்டும் என்று நினைத்தால், மறுபடி சொல்கிறேன், நினைத்தால், முதலில் மூன்று விஷயம் பார். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும், அதனால் உன் பெயரில் தனியாக ஒன்று இருக்க வேண்டும். கையில் இருப்பது எத்தனை மாசச் செலவுக்கு வரும் என்று தெரிய வேண்டும், ஆறு மாசமாவது வந்தால் நல்லது. நோட்டீஸ் காலம் எவ்வளவு, அதற்குள் எவ்வளவு லீவு மிச்சம் என்று பார். ஏற்கெனவே விட்டுவிட்டாய் என்றாலும் இதே மூன்றுதான், வரிசை மட்டும் மாறும். விடாமல் அங்கேயே இருந்து, மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறாய் என்றால், அதற்கும் நான் சரி என்பேன். வேலையில் ஆர்வம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒரு தாளில் மாசச் செலவை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. வாடகை, கடன் தவணை, காப்பீடு மூன்றும் தனித்தனி வரியில் இருக்கட்டும். கீழே "இதர செலவு" என்று பெரிய தொகை ஒன்றைப் போட்டு அனுப்பாதே. அதை நான் ஆபீஸிலேயே யாருக்கும் பாஸ் பண்ணியதில்லை.

அன்புடன்,
அம்மா