குஞ்சுத் தீனியில் கலக்கும் மருந்துத் தூள் பற்றி மூன்றாவது மனு

அரச மிருக வைத்திய அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

இதே விஷயமாக முன்னர் இரண்டு மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. எங்கள் தோட்டத்து மேல் பிரிவு லயம் தாங்கள் அறியாத இடமல்ல. மாடுகளுக்கு ஊசி போட வந்தபோது கோயில் வளைவில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தீர்கள். அந்த வளைவுக்கு மேலேதான் ஆறு குடும்பம் புரொய்லர் வளர்க்கிறோம்.

1. கடையில் குஞ்சுத் தீனியை மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கிறார்கள். லேபல் கிடையாது. மருந்து கலந்ததா என்று கேட்டால் "எல்லாம் இருக்கு" என்கிறார்கள். அப்புறம் சீக்கிரம் வளரும் என்று அன்டிபயோட்டிக் தூளையும் பேப்பரில் மடித்துத் தருகிறார்கள்.

2. முதல் வாரத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. 40 கிராம் குஞ்சு ஏழாம் நாள் நாலு மடங்காவது வர வேண்டும். இந்த முறை 100 கிராம் கூட இல்லை. அந்த வயதில் குஞ்சுக்குத் தன் சூட்டைக் காக்கத் தெரியாது, 32 பாகையாவது வேண்டும். இங்குள்ள ராக்குளிரைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குக் கரண்ட் போனால் பல்ப் அணைந்துவிடும். சாக்கைக் கட்டி, தணல் சட்டி வைத்து, மாறி மாறி விழித்திருப்போம். விடிய எழுந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். அடியில் கிடப்பவை செத்திருக்கும். பிழைத்ததன் பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கும். இது குளிரா, வயிற்று நோயா? குளிரென்றால் தூள் எதற்கு? ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தால் தங்களுக்குத் தெரிந்துவிடாதா? செத்ததைப் பையில் போட்டு அலுவலகத்துக்கே கொண்டுவந்தேன். ஐயா வெளியில் போயிருக்கிறார் என்றார்கள். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். குஞ்சு நாறத் தொடங்கியது. அன்றைய பேரும், அதாவது நாள் கூலியும், போச்சு.

3. தூள் போட்டால் கொஞ்சம் தேறுகிறது, பொய் சொல்லவில்லை. அழுக்கும் ஈரமுமான கொட்டிலில்தான் அது அதிகம் எடுபடுமாம். உயர்தரம் படிக்கும் மகள் சொல்கிறாள். வளர்ச்சிக்காக இதைத் தீனியில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இலேயே நிறுத்திவிட்டதாம். கிருமி பழகிவிட்டால் நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்கே மருந்து கேட்காது. விற்பதற்கு எத்தனை நாள் முன் தூளை நிறுத்துவது? மடித்த பேப்பரில் என்ன எழுதியிருக்கும் ஐயா?

4. ஆகவே ஒருமுறை வந்து பாருங்கள்.

5. வர முடியாதென்றால் அதையாவது எழுதுங்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக் கோழி வளர்ப்பதற்கு மிருக வைத்தியர் எதற்கு? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் வாருங்கள்.

அடுத்த பெட்டி, 100 குஞ்சு, வெள்ளிக்கிழமை வருகிறது. தயவுசெய்து அதற்கு முன்.

இப்படிக்கு,
மேல் பிரிவில் கோழி வளர்க்கும் ஆறு குடும்பத்தினர்