தசமபாகத்துக்கு ரசீது கேட்பது விசுவாசக் குறைவா?

ஆசிரியருக்கு,

நிதியாண்டு முடிவை நெருங்கும்போது சபைப் பொருளாளர்கள் எல்லோரிடமும் வரும் கேள்வி ஒன்று உண்டு. "கோயிலுக்குக் குடுத்த தசமபாகத்துக்கு 80ஜி ரசீது கிடைக்குமா?" தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது; 80ஜி என்பது நன்கொடைக்கு வரிவிலக்கு தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு. இந்தக் கேள்விக்கு நம் சபைகளில் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று வசனம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அல்லது சாதாரணக் காணிக்கை ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "இத வச்சே காட்டிக்கோங்க" என்பார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது பதில், கொடுத்தவரை வருமான வரித் துறையின் நோட்டீசில் கொண்டுபோய் நிறுத்தும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்காகவோ சாதியாருக்காகவோ என்று அமைந்த அறக்கட்டளைக்கு 80ஜி அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற பொது அறக்கட்டளையும் தன் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியங்களுக்குச் செலவிடக்கூடாது. ஆகவே ஆராதனையில் போடும் காணிக்கையும் தசமபாகமும் வரிவிலக்குக்கு வராது. பழமையும் சிறப்பும் உள்ளதாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஆலயத்தின் பழுதுபார்ப்புக்குக் கொடுப்பது மட்டும் தனி விதி. சபையோ, பல சபைகள் சேர்ந்த திருமண்டலமோ நடத்தும் அனாதை இல்லம், மருத்துவமனை, முதியோர் இல்லம் தனி அறக்கட்டளையாகப் பதிவாகி அங்கீகாரம் பெற்றிருந்தால் அதற்குக் கொடுப்பது கணக்கில் வரும். 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் எல்லோரும் இன்னும் 80ஜி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அங்கேயும் மக்கள் நினைக்கும் அளவுக்கு லாபம் இல்லை. 10,000 ரூபாய் கொடுத்தால் பொதுவாக அதில் பாதி, 5,000 ரூபாய்தான் வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சமாவது 1,000 ரூபாய், செஸ் சேர்த்தால் 1,040. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. அரிசி மூட்டை, போர்வை, சிமெண்ட் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எதுவுமே இல்லை. 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடை வாங்கிய நிறுவனம் கொடுத்தவரின் அடையாள எண்ணையும் தொகையையும் துறைக்குத் தெரிவித்து, 10பிஇ என்ற பெயரில் அறிமுகமான சான்றிதழைத் தரவேண்டும் என்றாகிவிட்டது. கையால் எழுதிய ரசீதுக்கு இனி மதிப்பில்லை.

அப்படியானால் சபை ரசீது எதற்கு? பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு. வரிவிலக்கு உண்டோ இல்லையோ, ஒவ்வொரு சபையும் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

எருசலேம் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்த்த பவுல் அதைத் தனியாகச் சுமந்து போகவில்லை. தீத்துவோடு, சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட சகோதரரையும் கூட்டிக்கொண்டார். இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். அதற்கும் முன்னால் யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க மூடியில் துவாரமிட்ட பெட்டி வைத்தபோது, ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் பணத்தை எண்ணினார்கள். இரண்டு பேர், இரண்டு இடத்தைச் சேர்ந்தவர்கள்.

காணிக்கைப் பை பீடத்திலிருந்து வெஸ்டிரிக்கு (ஆலயத்தின் உள்ளறைக்கு) வந்ததும் ஆராதனை முடிந்த அதே மணி நேரத்தில் எண்ணவேண்டும். யார் வீட்டுக்கும் போகக்கூடாது. எண்ணுபவர்கள் மூன்று பேர். ஒரே குடும்பத்தார் வேண்டாம், ஒருவராவது கமிட்டிக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும், வாரத்துக்கு வாரம் ஆள் மாறட்டும். குருவானவரும் உபதேசியாரும் எண்ணும் மேசைக்கு வராமலிருப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. பையைக் கவிழ்த்தால் போதாது, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்க்கவேண்டும். சின்னதாக நாலாக மடித்த பத்து ரூபாய்த் தாள் வெல்வெட் தையல் மூலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை கிடக்கும். அந்தப் பத்து ரூபாய் பெரும்பாலும் ஒரு விதவைத் தாயினுடையது.

கவர்களைத் தனியாக வைத்துப் பிரிக்கவேண்டும். கவர்மேல் 500 என்று எழுதி உள்ளே 400 இருந்தால், கவரிலேயே 400 என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டுத் தணிக்கை முடியும் வரை அதை வைத்திருக்கவேண்டும். 500 ரூபாய்த் தாள் எத்தனை, 200 எத்தனை, நாணயம் எவ்வளவு என்று தாள்வாரியாக எழுதி, மொத்தத்தை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கவேண்டும். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து. மறுநாள் முழுத்தொகையும் வங்கிக்குப் போகவேண்டும்.

முழுத்தொகையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நல்ல மனிதர்கள் நடத்தும் சபைகளிலும் கணக்கு கெடுவது இங்கேதான். எண்ணியது 8,460 ரூபாய். எலக்ட்ரீஷியன் வாசலில் நிற்கிறார், அவருக்கு 1,500 அதிலேயே கொடுத்துவிட்டு 6,960ஐ வங்கியில் கட்டுகிறார்கள். யாரும் திருடவில்லை. ஆனால் பதிவேடு ஒன்று சொல்கிறது, பாஸ்புக் இன்னொன்று சொல்கிறது, செலவுக்கு வவுச்சர் இல்லை. ஆண்டுக்கு 52 ஞாயிறு இப்படிப் போனால் யாராலும் அதை ஒத்துப் பார்க்க முடியாது. பிறகு சபைத் தேர்தல் வரும்போது இதே 1,500 ரூபாய் ஒரு நேர்மையான பொருளாளரின் பெயரைக் கெடுக்கும். செலவுக்கென்று 3,000 ரூபாயைச் சில்லறைக் கையிருப்பாகக் காசோலை போட்டு எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

க்யூஆர் அட்டை வைக்கும் சபைகள் அது சபையின் வங்கிக் கணக்கோடு இணைந்ததா என்று பார்க்கவேண்டும். ஸ்கேன் செய்ததும் திரையில் தனிநபர் பெயர் வந்தால் பணம் போடாதீர்கள். குறிப்பு எழுதும் இடத்தில் 'கட்டட நிதி', 'மிஷனெரி காணிக்கை' என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் எல்லாம் பொதுக் கணக்கில்தான் விழும்.

காணிக்கையாக வந்த பொருள்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் இதே ஒழுங்கு வேண்டும். வாழைத்தாரை 2,000 ரூபாய்க்குக் கேட்டவர் அடுத்த பண்டிகை வரை கட்டாமலிருப்பது நடக்கிறது. ஏலம் கேட்ட தொகையையே வரவாக எழுதுவதால் கணக்கில் பணம் இருக்கும், பெட்டியில் இருக்காது. கேட்டவர் பெயர், தொகை, கட்டிய தேதி என்று மூன்று பத்தி போட்டு, கையில் வந்ததை மட்டும் வரவில் எழுதுங்கள். கைப்பிடி அரிசியும் அப்படியே. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்தே தங்கள் ஊழியத்தின் பெரும்பகுதியைத் தாங்கி வந்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் நம் மக்களின் காணிக்கையை நம்பித்தான் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியரை அனுப்பியது. பிடி அரிசியை அளந்து, விற்று, விற்ற விலையை எழுதினால்தான் அது காணிக்கையாகிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் தசமபாகத்தில் பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் மகன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகச் சபைக்கு அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகள் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஊருக்கு வந்து ரூபாயாகப் பையில் போட்டாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு இல்லாத சபை அதை வாங்கக்கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பெறவேண்டும். அன்பாக அனுப்பிய 20,000 ரூபாய் சபையை வழக்கில் மாட்டவேண்டாம்.

தசமபாகம் சம்பளத்தில் பிடித்தம் போவதற்கு முன்னா பின்னா என்று சண்டை போடுபவர்கள் உபாகமம் 14இன் கடைசி வசனங்களையும் வாசிக்கவேண்டும். மூன்றாம் வருஷத்துப் பத்தில் ஒரு பங்கு வாசலில் வைக்கப்பட்டு லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிடவேண்டும் என்கிறது. நம் சபை பட்ஜெட்டில் ஏழைகள் நிதி கடைசி வரியில், மிச்சம் இருந்தால் என்ற நிலையில் நிற்கிறது. அதுவும் பெயின்ட் அடிக்கும் வருஷத்தில் கட்டடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு நோக்கத்துக்கென்று வாங்கியதை இன்னொன்றுக்குச் செலவிடக் கமிட்டிக்கு உரிமை இல்லை. கொடுத்தவர்களிடம் அறிவித்துச் சம்மதம் வாங்கவேண்டும்.

அதேபோல், வட்டிக்கு வாங்கித் தசமபாகம் கட்டும் குடும்பங்களைக் குருவானவர்கள் தடுக்கவேண்டும். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார். கோலின்கீழ்ப் போகும் பத்தாவது ஆடு கர்த்தருக்கு என்கிறது லேவியராகமம்; ஒன்பது ஆடு மட்டும் உள்ளவனுடைய மந்தையில் கோலின்கீழ்ப் போகப் பத்தாவது ஆடு இல்லை. சபையார் கட்டும் சங்கக் காணிக்கையைப் பாக்கி வைத்தவர் பெயரை ஆராதனையில் வாசிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை உடனே நிறுத்தவேண்டும். வாசிக்கவேண்டியது மாதக் கணக்கு. வரவு, செலவு, ஏழைகள் நிதியில் இருப்பு, மூன்றும் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆலய வாசல் பலகையில், முதியவர்களும் வாசிக்கும் பெரிய எழுத்தில் ஒட்டப்படவேண்டும் என்று திருமண்டல நிர்வாகங்கள் சுற்றறிக்கை விடவேண்டும்.

சபைக் கணக்குத் தணிக்கையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.